முள்ளாங்குறிச்சி மேற்கே போன வருஷம்

முள்ளாங்குறிச்சி இருந்த இடத்தை விட்டு நகர்கிறது என்பது முதன்முதலில் தெரியவந்தது டேவிட்சன் டீக்கடையில்தான். அந்தக் கடையின் பெஞ்சு ஊர் எல்லையில், உப்பளத்து மோட்டார் ரூம் சுவரை ஒட்டிப் போட்டிருந்தது. பெஞ்சு டேவிட்சனுக்குச் சொந்தம், சுவர் உப்பளத்துக்காரருக்குச் சொந்தம், இடையில் ஒரு விரல் போகாது. ஆகஸ்ட் மாதம் ஒரு வியாழக்கிழமை காலையில் அதில் உட்கார்ந்து டீயைக் கையில் வாங்கி வழக்கம்போலப் பின்னால் சாய்ந்த நாலு பேரும், சாய்வதற்குச் சுவர் இல்லாமல் மல்லாக்க விழுந்தார்கள். எழுந்து மண்ணைத் தட்டிவிட்டுப் பார்த்தால் சுவர் ஐந்தடி தள்ளி நிற்கிறது. சுவர் போய்விட்டது என்று இரண்டு பேர் சொன்னார்கள், கடை போய்விட்டது என்று இரண்டு பேர் சொன்னார்கள். மறுநாள் பதினைந்தடி ஆனது, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சு மணி அடிக்கும்போது முப்பதைத் தாண்டியது, அதற்கப்புறம்தான் கடையோடு தெருவும் தெருவோடு சர்ச்சும் சர்ச்சோடு ஊரும் சேர்ந்து மேற்கே போய்க்கொண்டிருப்பது விளங்கியது. டேவிட்சன் பெஞ்சைத் தூக்கித் தன் கடைச் சுவரிலேயே போட்டுக்கொண்டான்.

ஊர் போகிறதே என்று யாரும் தலையில் கை வைத்து உட்காரவில்லை, உட்கார நேரம் இருந்தால்தானே. உப்பளத்தில் வேலை பார்க்கிற பெண்கள் வாரத்துக்கு அரை நிமிஷம் முன்னதாக வீட்டை விட்டு இறங்கப் பழகிக்கொண்டார்கள். ஓடைப்பாலம் தாண்டி விசில் கொடுக்கிற கண்டக்டர் பாலத்திலேயே கொடுக்கப் பழகிக்கொண்டார். ஊருக்கு மேற்கே இருந்த உடைமரக்காடு, சப்பரத்துக்குக் கூட்டம் வழிவிடுகிற மாதிரி ரெண்டு பக்கமும் ஒதுங்கி ஊரைப் போகவிட்டு, ஊர் போனபின் மறுபடி வந்து சேர்ந்துகொண்டது. தண்ணீர்க் குழாய் யாரும் இழுக்காமலே நீண்டுகொண்டு கூடவே வந்தது. தாலுகா ஆபீசில் மனு கொடுத்தவர்களுக்கு, ரெகார்டுபடி ஊர் இருந்த இடத்தில்தான் இருக்கிறது, நீங்கள்தான் ஊரை விட்டுத் தள்ளிக் குடியிருக்கிறீர்கள் என்று பதில் வந்தது. ஊர் குற்றாலத்துக்குக் குளிக்கப் போகிறது என்றார்கள் சிலர், உப்புக்காற்று சலித்துப்போய்க் கிளம்பிவிட்டது என்றார்கள் சிலர். அது எப்படியோ போகட்டும், ஆனால் அந்த ஊரில் அதற்குப் பிறகு ஒருத்தருக்கும் கால் தரையில் பாவவில்லை. சோறு உண்ணும்போதே செருப்பைத் தேடினார்கள். ஜெபத்துக்கு முழங்கால் போட்டவர்கள் ஆமென் சொல்வதற்குள் எழுந்தார்கள். மத்தியானம் கண்ணசந்தவர்கள் ரயிலில் படுத்த மாதிரி புரண்டு புரண்டு படுத்தார்கள்.

ரூபாவதிக்கு இதெல்லாம் புதுசு இல்லை. அவளுக்குக் கால் பாவாமல் போய் மூன்று வருஷம் ஆகியிருந்தது. மூத்த மகள் செர்லின், நிச்சயதார்த்தத்துக்கு வந்து உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை வீட்டார் முன்னால் நின்று, எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம், கொல்லத்தில் ஒரு ஆஸ்பத்திரி லேபில் வேலை கிடைத்திருக்கிறது, நான் போகிறேன் என்று சொல்லிவிட்டாள். அவள் அப்பா ஞானதுரை உப்பு லாரிகளுக்கு எடை போடுகிற மனுஷர். ஒரு தடவை சீட்டில் எழுதின எடையை எவன் வந்து கேட்டாலும் திருத்தி எழுதாதவர், பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்கிறவர். அவர் தெருவே கேட்கச் சொன்னார்: “இந்த ஊரு இந்த எடத்துல இருக்கிற வரைக்கும் நீ என் வாசப்படிய மிதிக்கக் கூடாது.” செர்லின் பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் போனவள்தான். அதற்கப்புறம் அந்த வீட்டில் அவள் பேரை யாரும் எடுக்கவில்லை. ரூபாவதி மட்டும் அடுப்படியில் நின்று மிளகாய் கிள்ளும்போது வாய்க்குள்ளேயே சொல்லிக்கொள்வாள்.

மகள் போனாலும் மகள் பழக்கிவிட்ட பழக்கம் போகவில்லை. காலேஜில் படிக்கும்போது அவள் கொண்டுவந்த விளையாட்டு அது. உலகம் முழுக்க முகம் தெரியாத மனுஷர்கள் சின்னச் சின்னப் பெட்டிகளை மரப்பொந்திலும் பாறையிடுக்கிலும் ஒளித்துவைத்துவிட்டு, அந்த இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகை எண்களை இன்டர்நெட்டில் போட்டுவிடுவார்கள். தேடிப் போகிறவர்கள் பெட்டியைக் கண்டுபிடித்து, உள்ளே இருக்கிற தாளில் பேரும் தேதியும் எழுதி, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வரவேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் நாலு பேரும் ரெண்டு வண்டியில் கிளம்பிவிடுவார்கள், மூன்று பேரான பின்னும் கிளம்பினார்கள். ஞானதுரைதான் முதலில் வண்டியை எடுத்து வெளியே நிறுத்துவார், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்த வீட்டுக்குள் உட்கார அவரால் முடியாது. பதின்மூன்று வயசு இளையவள் ப்ரைசி பின்னால் உட்கார்ந்து போனைப் பார்த்து வழி சொல்வாள். ஊர் நகர ஆரம்பித்தபின் போனும் கெட்டது. ஊரோடு ஓடி மூச்சு வாங்கினதோ என்னவோ, உள்ளூருக்குள் வழி கேட்டால் திரையில் வட்டம்தான் சுற்றியது.

ஜனவரி முதல் தேதி ரூபாவதி பழைய காலண்டரை ஆணியிலிருந்து கழற்றினாள். பின்னாலிருந்து ஒரு தபால் கார்டு விழுந்தது. செர்லின் கையெழுத்தில் ரெண்டு வரி எண்கள், வேறு ஒரு சொல் கிடையாது. முத்திரையில் ஜூலை மாதம்.

“இது எப்ப வந்தது?”

ஞானதுரை கண்ணாடி முன்னால் சவரம் பண்ணிக்கொண்டிருந்தார். “ஜூலைல.”

“ஆறு மாசமா சுவத்துல செருகி வச்சிருக்கீங்க.”

“கிழிச்சா போட்டேன்? வச்சுத்தானே இருக்கேன்.”

ரூபாவதி கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பெற்ற பிள்ளை எங்கேயோ ஒரு பெட்டியை வைத்துவிட்டு, வந்து எடுங்கள் என்று கூப்பிட்டிருக்கிறாள், ஆறு மாசமாக ஒரு நாய்கூடப் போகவில்லை. முகம் தெரியாதவன் வைத்த பெட்டிக்கெல்லாம் வண்டி கட்டிக்கொண்டு போனோம், இவள் வைத்ததைத் தேட ஆளில்லை. இனியும் எடுக்காமல் விட்டால் அவள் நம்மைத் தலைமுழுகிவிடுவாள், அப்புறம் கூப்பிட மாட்டாள் என்று ரூபாவதிக்குத் திண்ணமாகத் தோன்றியது. “எனக்கு ஒரு கருவி வேணும், போன் இல்ல, கையில பிடிச்சிட்டுப் போற ஜிபிஎஸ்,” என்றாள். மூன்று வருஷத்தில் அவள் அவரிடம் கேட்ட முதல் பொருள் அது, அதனால் அவர் மறுக்கவில்லை.

தூத்துக்குடியில் மீன்பிடித் துறைமுகத்துப் பக்கம் வலையும் நைலான் கயிறும் விற்கிற மோத்தா கடையில்தான் அது கிடைக்கும், படகுக்காரர்கள் வாங்குவது. மூன்று பேருமாகப் போய்க் கேட்டதும் மோத்தா ரெண்டை எடுத்து மேஜையில் வைத்தார். ஒன்று கலர் திரை, விரலால் தொட்டால் போதும், உள்ளே நாடு முழுக்கப் படமாக இருந்தது, ரோடு ஓடை ஊர் ஒன்று விடாமல். மற்றது கறுப்பு வெள்ளை, பார்க்கச் செங்கல் துண்டு மாதிரி, ரெண்டு பென்சில் செல்லில் ஓடுவது, பட்டன்களை அமுக்கித்தான் வேலை வாங்க வேண்டும், படம் கிடையாது, எண்ணும் அம்பும் மட்டும். மோத்தா அதை ஒரு வாளித் தண்ணீரில் போட்டு மிதக்கவிட்டுக் காட்டினார்.

“இது கடலுக்குள்ள போறவங்களுக்கு அண்ணாச்சி. கடல்ல ஏது ரோடு, அவங்களுக்குப் படம் எதுக்கு? நீங்க கரையில சுத்தத்தானே கேக்கீங்க, கலரையே கொண்டுபோங்க.”

ஞானதுரைக்கும் கலர்தான் பிடித்தது. முள்ளாங்குறிச்சியைத் தேடிப் பார்த்தார். உப்பளத்தை ஒட்டி, பழைய இடத்தில், சாம்பல் நிறத் திட்டாக, குறுக்கே ஒரு ரோட்டோடும் தலைக்கு மேல் பேரோடும் ஊர் இருந்தது. அதைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது.

“பாத்தியா, ஊர் இருந்த எடத்துலதான் இருக்கு.”

“அது பழைய படம்பா,” என்றாள் ப்ரைசி.

“ஊர் அங்க இருந்தாத்தானே உங்கப்பா சொன்ன சொல்லும் அங்க நிக்கும்,” என்றாள் ரூபாவதி. கடையில் வைத்து அவள் இப்படிப் பேசுவாள் என்று அவர் நினைக்கவில்லை. மோத்தா விவரமானவர், குடும்பச் சண்டையில் வியாபாரம் கெடக்கூடாது என்று ரெண்டையும் ஒரே பையில் போட்டார். “ஞாயித்துக்கிழமை ரெண்டையும் வச்சுப் பாருங்க. பிடிச்சத வச்சுக்கிட்டு மத்தத திங்கக்கிழமை கொண்டாங்க,” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து சர்ச்சு வாசலில் நின்று ஞானதுரை கலர் கருவியைத் திறந்தார். படத்தில் அவர் நிற்கிற இடத்தைச் சுற்றி வெறும் காடு. சுற்றிலும் ஊர் ஜனம் பட்டுச்சேலையும் வேட்டியுமாக நிற்க, பின்னால் மணி அடிக்க, “நாம இப்ப காட்டுக்குள்ள நிக்கோம்,” என்று அவர் படித்துச் சொன்னார். போதகர் சிரிப்பை அடக்க வேதாகமத்தால் வாயை மறைத்துக்கொண்டார். கார்டில் இருந்த எண்களைப் போட்டதும் அம்பு கிழக்கே திரும்பியது, படத்துச் சாம்பல் திட்டுக்குள் ஒரு சிவப்புப் புள்ளி வந்தது. அப்படியென்றால் பெட்டியை ஊருக்குள்தான் வைத்திருக்கிறாள். ரூபாவதிக்கு அது இன்னும் வலித்தது. ஊருக்குள் வந்திருக்கிறாள், யார் வீட்டுக்கு வந்தாள், எந்தச் சிநேகிதி வீட்டில் சாப்பிட்டுவிட்டு அம்மாவைப் பார்க்காமல் போனாள் என்று கேட்டுக்கொண்டே உடைமரங்களுக்குள் நடந்தாள்.

ஊர் இருந்த இடம் உப்பு பூத்து வெள்ளையாகக் கிடந்தது. அஸ்திவாரத்தையும் கிணற்றையும் ஊர் கையோடு கொண்டுபோயிருந்தது, ஒரு செங்கல் மிச்சமில்லை. எண் முடிகிற இடத்தில் கலர் கருவி கிணுகிணு என்று மணியடித்து, வந்து சேர்ந்துவிட்டீர்கள் என்றது. ரூபாவதி சேலையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்து கையால் தோண்டினாள். கொஞ்ச நேரம் நின்று பார்த்த ஞானதுரையும் உட்கார்ந்தார். முழங்கை ஆழம் போயும் மண்தான் வந்தது. “நம்மகிட்ட விளையாடியிருக்கா,” என்றார் அவர், ஆனால் சொல்லிவிட்டும் தோண்டிக்கொண்டுதான் இருந்தார்.

ரூபாவதி நிமிர்ந்தபோது வெட்டவெளியில் மோட்டார் ரூம் ஒற்றையாக நிற்பது கண்ணில் பட்டது. “டேவிட்சன் கடை இதோட ஒட்டித்தானே இருந்தது?” என்றாள். “ஊர் பெட்டியத் தூக்கிட்டுப் போயிருக்கு. கட எவ்வளவு தூரம் போயிருக்கோ அவ்வளவு தூரம்தான் பெட்டியும் போயிருக்கும்.”

மூன்று பேரும் மோட்டார் ரூம் சுவரிலிருந்து டேவிட்சன் பெஞ்சு வரைக்கும் நடந்து அளந்தார்கள், அறுநூற்றுப் பன்னிரண்டு மீட்டர், நேர் மேற்கு. திரும்பி வந்து, கார்டில் உள்ள இடத்திலிருந்து அதே தூரம் அதே திசையில் ஒரு புள்ளி வை என்று ப்ரைசி கலர் கருவியிடம் கேட்டாள். அது புள்ளியை இழுத்து இழுத்துப் பழைய ரோட்டின் மேலேயே ஒட்டிக்கொண்டது. மூன்று தடவை கேட்டும் மூன்று தடவையும் மணியடித்து வந்து சேர்ந்துவிட்டீர்கள் என்றது. ரூபாவதி அதை வாங்கி அணைத்து அவர் கையில் கொடுத்துவிட்டுப் பையிலிருந்து அந்தக் கறுப்பு வெள்ளைச் செங்கல் துண்டை எடுத்தாள். அதற்குள் படமும் இல்லை, ஊர் எங்கே இருக்க வேண்டும் என்கிற அபிப்பிராயமும் இல்லை. சொன்ன தூரத்தைக் கேட்டுக்கொண்டு அம்பைக் காட்டியது.

நடந்தார்கள். அறுநூறு ஐந்நூறானது, ஐந்நூறு நானூறானது, உடைமரம் வழிவிட்டது, டீக்கடை வந்தது, டேவிட்சன் கிளாசைக் கழுவினபடி போட்டுவிட்டுப் பின்னால் வந்தான்; முந்நூறானது, குழாயடி வந்தது, குடத்தை வைத்துவிட்டு நாலு பெண்கள் பின்னால் வந்தார்கள்; இருநூறானது, சர்ச்சு வந்தது, சர்ச்சுக்குள்தான் வைத்திருப்பாளோ என்று ரூபாவதி ஏங்கினாள், அம்பு நிற்காமல் போனது; நூறானது, மாப்பிள்ளையாக வரவேண்டியவன் வீடு வந்தது, அங்கேதானோ என்று அவள் நடையை மெதுவாக்கினாள், அம்பு அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. பின்னால் வந்த கூட்டம் முதலில் சலசலவென்று பேசிக்கொண்டு வந்தது, போகப் போக ஒவ்வொருவராகப் பேச்சை நிறுத்திவிட்டார்கள். அது ஏன் என்று ரூபாவதிக்குப் புரியவில்லை. நாற்பது, இருபது, ஒன்பது. நின்று நிமிர்ந்து பார்த்தால் தன் வீட்டு கேட்.

கேட்டைத் திறந்து உள்ளே போனதும் அம்பு கிறுக்குப் பிடித்த மாதிரி சுற்றியது. மூணு மீட்டருக்குள்ள வந்துட்டா அம்பை நம்பாதீங்கம்மா, கருவியப் பையில போட்டுட்டுக் கண்ணால பாருங்க என்று செர்லின்தான் சொல்லிக்கொடுத்திருந்தாள். ரூபாவதி பார்த்தாள். வாசப்படிக்கு வலப்பக்கம், ஒரு கை நீட்டினால் படியைத் தொடுகிற தூரத்தில், அவள் தினமும் துணி துவைக்கிற கல். கல்லுக்கு அடியில் கையை விட்டாள். லேபில் பரிசோதனைக்குக் கொடுப்பார்களே, சிவப்பு மூடி போட்ட வெள்ளை டப்பா, அது வந்தது.

ஞானதுரையிடம் மூக்குக்கண்ணாடி இல்லை, ரூபாவதிக்குக் கண் கலங்கி எழுத்து தெரியவில்லை, ப்ரைசிதான் வாசித்தாள்.

“பெட்டி வச்சது செர்லின். கீழ கொல்லம் விலாசம் இருக்கு. ஜூலை ஏழு, ஞாயிறு. வச்சேன். வாசப்படி மிதிக்கல. ஆகஸ்ட் பதினெட்டு, ஞாயிறு. யாரும் எடுக்கல. வாசப்படி மிதிக்கல. செப்டம்பர் இருபத்திரெண்டு, ஞாயிறு. ஊர் நகந்திருக்கு, கல் பக்கத்துலயேதான் இருக்கு. வாசப்படி மிதிக்கல. நவம்பர் பத்து, ஞாயிறு. கொடியில அம்மா சேலை காயுது. வாசப்படி மிதிக்கல. டிசம்பர் இருபத்தஞ்சு. எல்லாரும் ஆராதனைல. கேக் வாசம் வருது. வாசப்படி மிதிக்கல.”

செப்டம்பர் இருபத்திரெண்டு அன்றைக்கு மூன்று பேரும் கழுகுமலையில் ஒரு பாறையடியில் குனிந்து, யாரோ வைத்த பெட்டியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் யானையை எடுத்துச் சிரித்துக்கொண்டிருந்தது ரூபாவதிக்கு ஞாபகம் வந்தது. அவள் துவைக்கிற கல்லிலேயே உட்கார்ந்து அழுதாள். “கையில வெண்ணெய வச்சுக்கிட்டு நெய்க்கு அலைஞ்சிருக்கீங்களே யக்கா,” என்று குழாயடியிலிருந்து வந்த ஒருத்தி அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

ஞானதுரை கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். ஒருத்தரும் அவர் கண்ணைப் பார்க்கவில்லை. “ஒமக்கும் தெரியுமா?” என்று டேவிட்சனைக் கேட்டார்.

“என் கடையிலதான் டீ குடிச்சிட்டு வருவா. ஊருக்கே தெரியும் அண்ணாச்சி, ஒங்ககிட்ட யாரு சொல்லுவா?” டேவிட்சன் ஈரக் கையை வேட்டியில் துடைத்தான். “ஊரும் எத்தன நாளைக்குத்தான் அதப் பாத்துக்கிட்டு ஒரே எடத்துல நிக்கும்? கெளம்பிட்டு.”

ஞானதுரை ப்ரைசியிடம் பேனாவை வாங்கி, கடைசி வரிக்குக் கீழே, ஜனவரி ஐந்து, ஞானதுரை என்று எழுதினார். பேனாவைத் தாளில் வைத்தபடியே ரொம்ப நேரம் நின்றார். பிறகு தாளைச் சுருட்டி டப்பாவில் போட்டு, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு உள்ளே போனார்.

“ஒரு வார்த்த எழுதியிருக்கலாம்,” என்றாள் ரூபாவதி. அன்றைக்கு முழுக்க அவள் அவரோடு பேசவில்லை.

திங்கட்கிழமை காலையில் அவள் கோலப்பொடி டப்பாவோடு வெளியே வந்தபோது அவர் வாசப்படியில் செங்கல் துண்டைப் பிடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்து நின்றிருந்தார். எண் வந்ததும் படியில் உட்கார்ந்து ஒரு தபால் கார்டில் ரெண்டு வரியாக எழுதி, கொல்லம் விலாசம் போட்டார். வேறு ஒரு சொல் எழுதவில்லை. கலர் கருவியை மோத்தாவிடம் கொடுக்கப் போகிற வழியில் கார்டைத் தபால் பெட்டியில் போட்டார். செவ்வாய்க்கிழமை ஊர் பதினாறடி போயிருந்தது, வாசப்படிக்குப் புது எண் வந்தது, புதுக் கார்டு போனது. புதன்கிழமை ஒன்று, வியாழக்கிழமை ஒன்று. ஞாயிற்றுக்கிழமை வண்டியை வெளியே எடுக்கவில்லை, மத்தியானம் முழுக்கக் கேட்டுக்கும் படிக்கும் நடந்தார், யாரும் வரவில்லை. பொங்கலுக்கு ஊர் முப்பதடி போனது, அதற்கும் ஒரு கார்டு போனது. தபால்காரரே, அண்ணாச்சி, ஊர் நின்னப்புறம் மொத்தமா ஒண்ணு போடலாமே என்றார். ரூபாவதி ராத்திரி சோற்றில் கை வைத்தால் கேட் சத்தம் கேட்ட மாதிரி இருக்கும், எழுந்து போய்ப் பார்ப்பாள்.

பத்தொன்பதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலையில் ஞானதுரை படியில் நின்று எண்ணைப் பார்த்தார். சனிக்கிழமை எண்ணே இருந்தது. கருவியைத் தட்டினார், அணைத்துப் போட்டார், செல்லை மாற்றினார், கேட் வரைக்கும் போய் வந்தார். கடைசி இலக்கம்கூட அசையவில்லை.

“ஏட்டி, இது கெட்டுப்போச்சு,” என்று அவர் உள்ளே பார்த்துச் சொன்னார்.

மத்தியானம் கேட் கொண்டி எடுபடுகிற சத்தம் கேட்டது. செர்லின் மெலிந்திருந்தாள், தோளில் பழைய பை, கையில் ரப்பர் பேண்ட் போட்ட தபால் கார்டுகள். முற்றத்தைக் கடந்து வந்து துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், படிக்கு ஒரு முழம் முன்னால் நின்றுவிட்டாள். ரூபாவதி ஓடி வந்தவள் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், அவள் கூப்பிட்டு ஆகிற காரியம் இல்லை அது.

“மிதிக்கலாமாப்பா?” என்றாள் செர்லின்.

ஞானதுரை கருவியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார்.

“லாரி எடை மேடைய விட்டு எறங்கிட்டா பழைய சீட்டு செல்லாதும்மா,” என்றார். “நான் சொன்னப்ப ஊர் அங்க இருந்தது. இப்ப இங்க இருக்கு. ஏறி வா.”

செர்லின் படியில் கால் வைத்தாள். மூன்று வருஷத்துக்கப்புறம் ரூபாவதிக்குத் தன் உள்ளங்காலுக்குக் கீழே தரை இருப்பது தெரிந்தது. அவள் அவர் கையிலிருந்து கருவியை வாங்கி, ரெண்டு செல்லையும் கழற்றி அஞ்சறைப்பெட்டி பக்கத்தில் வைத்துவிட்டு, உலையில் இன்னும் ஒரு ஆழாக்கு அரிசி போட்டாள்.